கோல் வாசல் வரை போயும் கோல் விழவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

கால்பந்து வீடியோ கேமில் அழகாக ஆறு பாஸ் போட்டு, டிஃபென்ஸைப் பிளந்து, கோலை ஒட்டிய சின்ன பாக்ஸுக்குள் பந்தோடு நிற்கிறீர்கள். எதிரே கீப்பர் மட்டும். ஷாட் பட்டனை அமுக்கினால் பந்து கேலரிக்குப் போகிறது, இல்லையென்றால் கீப்பரின் வயிற்றில் போய் முட்டுகிறது. உடனே ‘கேம் ஏமாத்துது’ என்று கன்ட்ரோலரைத் தூக்கி எறியத் தோன்றும். பத்தில் எட்டு முறை தப்பு ஷாட்டில் இருக்காது. ஷாட்டுக்கு முந்தைய ஒன்றிரண்டு நொடிகளில் வீரர் எந்தக் கோணத்தில் வந்தார், உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, ஸ்பிரின்ட் பட்டனை எப்போது விட்டீர்கள் என்பதில்தான் இருக்கும். அதனால் எந்த அறிகுறி தெரிகிறதோ அங்கிருந்து பின்னோக்கிப் போய்ப் பார்ப்பதுதான் இங்கே முறை.

பட்டன் பெயர்கள் ஈஏ எஃப்சி வரிசையின் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர்படி: சர்க்கிள் ஷாட், எக்ஸ் தரைப் பாஸ், ஸ்கொயர் கிராஸ், டிரையாங்கிள் த்ரூ பாஸ், ஆர்2 ஸ்பிரின்ட். எக்ஸ்பாக்ஸில் இவை முறையே பி, ஏ, எக்ஸ், ஒய், ஆர்டி. இன்னொரு கால்பந்து கேமான இ-ஃபுட்பாலில் ஷாட்டும் கிராஸும் இடம் மாறியிருக்கும், ஸ்கொயர்தான் ஷாட். எஃப்சியிலேயே ‘ஆல்டர்னேட்’ கன்ட்ரோல் வைத்திருப்பவர்களுக்கும் அப்படித்தான். ஸ்டிக் திசையைக் கடிகார முள்ளாகச் சொல்கிறோம்: கேமரா மைதானத்தின் பக்கவாட்டில் இருக்கிறது, நீங்கள் வலது பக்க கோலைத் தாக்குகிறீர்கள். கோலுக்கு நேராக ஓடினால் மூன்று மணி, திரையில் மேலே பார்த்தால் பன்னிரண்டு மணி.

முதலில் கோணம்

இதைப் புரிந்துகொள்ளாமல் கீழே உள்ள எதுவும் வேலை செய்யாது. கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். நிஜ மைதான அளவுதான் கேமிலும். பெனால்டி புள்ளியில், அதாவது 11 மீட்டரில் நின்று பார்த்தால் இரண்டு போஸ்ட்டுக்கும் நடுவே சுமார் 37 டிகிரி கோணம் கிடைக்கும். சின்ன பாக்ஸின் முன்கோட்டில் நடுவே, 5.5 மீட்டரில் நின்றால் 67 டிகிரி. இதுவரை எல்லாரும் எதிர்பார்ப்பதுதான்.

இப்போது அதே சின்ன பாக்ஸின் மூலைக்கு வாருங்கள். கோணம் 22 டிகிரியாகச் சுருங்கிவிடுகிறது. பெரிய பாக்ஸின் விளிம்பில், 16.5 மீட்டர் தள்ளி நடுவே நிற்பவருக்குக்கூட 25 டிகிரி இருக்கிறது. கோலுக்கு மிக அருகே இருப்பதாக நீங்கள் நினைக்கும் அந்த மூலை, பாக்ஸ் விளிம்பைவிட மோசமான இடம். இன்னும் உள்ளே ஓடி, கோல் லைனுக்கு ஒரு மீட்டர் இருக்கும்போது, போஸ்ட்டிலிருந்து 5.5 மீட்டர் பக்கவாட்டில் நின்றால் மிஞ்சுவது 6 டிகிரிக்கும் குறைவு. நியர் போஸ்ட் (உங்களுக்கு அருகிலுள்ள கம்பம்) பக்கம் தெரிவது அரை மீட்டர் சொச்ச இடுக்கு. பந்தின் விட்டமே 22 சென்டிமீட்டர். அந்த இடுக்கில் கீப்பர் வேறு நிற்கிறார்.

கோல் லைனுக்கு எவ்வளவு நெருக்கம் என்பதைவிட கோலின் நடுவுக்கு நேரான கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. ஷாட் அடிப்பதற்கு முன் கண் இதைத்தான் பார்க்க வேண்டும்.

“பந்து பாருக்கு மேலே பறக்குது”

மிகப் பொதுவான நோய் இது. காரணங்களை இந்த வரிசையில் சோதியுங்கள்.

பவர் பார், அதாவது ஷாட் பட்டனைப் பிடிக்கப் பிடிக்க நிரம்பும் பட்டை. சின்ன பாக்ஸுக்குள் பட்டனை லேசாகத் தட்டி விட்டாலே போதும். பார் கால் பங்கைத் தாண்டக் கூடாது. பெனால்டி புள்ளி அருகே மூன்றில் ஒரு பங்கு. பாக்ஸ் விளிம்பில்தான் பாதி வரை போகலாம். பதற்றத்தில் விரல் பட்டனை விடாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான் விஷயம். ஷாட் அசைவு தொடங்கும் முன்பே விரலை எடுத்துவிட்டீர்களா என்று ரீப்ளேயில் பாருங்கள்.

ஸ்பிரின்ட். ஆர்2 அழுத்தியபடியே ஷாட் அடித்தால் பந்து காலைவிட்டு ஓர் எட்டு தள்ளி இருக்கும்; வீரர் எட்டி, நிலை குலைந்து அடிப்பார். ஷாட்டுக்கு இரண்டு எட்டு முன்னரே ஆர்2-வை விட்டுவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் மட்டும் வந்துவிட்டால் பறக்கும் பந்துகளில் பாதி தரைக்கு இறங்கிவிடும்.

துள்ளும் பந்து. இடுப்பு உயரத்தில் வரும் பந்தை முதல் தொடுதலிலேயே அடித்தால் அது வாலி. அதற்கான திறன் எண் வேறு. வாலி மதிப்பு குறைவான ஸ்ட்ரைக்கரிடம் அதை எதிர்பார்க்காதீர்கள். இடம் இருந்தால் ஒரு தொடுதலில் பந்தைத் தரைக்கு இறக்கிவிட்டு அடியுங்கள். இடமில்லையென்றால் மிக மெல்லிய தட்டல்.

பலவீனக் கால். வீரர் விவரத்தில் வீக் ஃபுட் நட்சத்திரம் 1 முதல் 5 வரை இருக்கும். இரண்டு நட்சத்திரக்காரருக்குத் தவறான காலில் பந்து வந்தால் நேரான ஷாட்கூட நழுவும். பந்தைத் திருப்ப ஒரு தொடுதல் செலவழிப்பதா, அப்படியே அடிப்பதா என்பது டிஃபெண்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஒரு கை தூரத்தில் இருந்தால் அப்படியே அடித்துவிடுங்கள். திரும்பும் நேரத்தில் அவர் காலை நீட்டிவிடுவார்.

பவர் ஷாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபிஃபா 23-இல் (எஃப்சி வரிசையின் பழைய பெயர் ஃபிஃபா) வந்த இந்த எல்1+ஆர்1+சர்க்கிள் ஷாட்டுக்குக் காலை ஓங்கும் அசைவு நீளம். சின்ன பாக்ஸுக்குள் அதைப் பயன்படுத்துவது சுத்த வீண்; ஓங்கி முடிப்பதற்குள் பந்து பறிபோயிருக்கும். தாழ்வாகத் தரையோடு போகும் ஷாட்தான் இந்த இடத்துக்குரிய ஆயுதம். அதற்கான பட்டன் பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறிக்கொண்டே வந்திருப்பதால், உங்கள் கேமின் கன்ட்ரோல் பட்டியலைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

“ஷாட் நேரா கீப்பர் கைக்கே போகுது”

ஸ்டிக்கைக் கோல் பக்கம் தள்ளிப் பிடித்திருப்பீர்கள். அதாவது மூன்று மணி. ஓடுவதற்கு அது சரி. அடிப்பதற்கு அது கோலின் நடு, கீப்பர் நிற்கும் இடம். பலர் ஓடிய திசையிலேயே ஸ்டிக்கை வைத்துக்கொண்டு ஷாட் அமுக்குகிறார்கள். கேமும் சொன்னதைத்தான் செய்கிறது.

ஷாட்டின் திசை, பட்டனை அமுக்கும்போது தொடங்கி கால் பந்தைத் தொடும் வரை ஸ்டிக் இருக்கும் நிலையில் தீர்மானமாகிறது. ஆகவே ஓட்டமும் குறியும் இரண்டு தனி வேலைகள். நடுவில் நின்றால் மேல் மூலைக்கு ஒன்றரை மணி, கீழ் மூலைக்கு நாலரை மணி. திரையின் கீழ்ப்பக்கமிருந்து உள்ளே வந்தால் ஃபார் போஸ்ட் (தூரத்துக் கம்பம்) ஒரு மணிக்கும் ஒன்றரை மணிக்கும் நடுவே இருக்கும். கோல் லைனை நெருங்க நெருங்க அது பன்னிரண்டை நோக்கி நகரும். நகர்வது தெரியாமல் பழைய திசையிலேயே பிடித்தால் பந்து சைடு நெட்டில் வெளிப்பக்கமாக விழும். ‘ஃபார் போஸ்ட் குறிவெச்சேன், வெளியே போச்சு’ என்ற புகாருக்குப் பதில் இதுதான்.

குறியை முடித்ததும் ஸ்டிக்கை உடனே விட்டுவிடும் பழக்கமும் உண்டு. விட்டால் திசை நடுவுக்குச் சரியும். பந்து காலைவிட்டுப் போகும் வரை பிடித்திருங்கள்.

ஷாட் உதவி ‘அசிஸ்டட்’ என்றால் கேம் உங்கள் குறியைக் கோலுக்குள் இழுத்துக் கொடுக்கும். ‘செமி’யில் குறைவாக, ‘மேனுவ’லில் அறவே இல்லை. மேனுவல்தான் வீரம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாற்றி வைத்துவிட்டு மறந்தவர்கள் நிறைய. செட்டிங்கைப் பாருங்கள்.

“பைலைன் வரை போயிட்டேன், அப்புறம் அடிச்சா சைடு நெட்”

அங்கிருந்து அடிக்காதீர்கள். 6 டிகிரிக் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பைலைன் (கோலின் இருபக்கமும் நீளும் அதே கோல் லைன்) வரை ஓடுவதன் பலன் ஷாட் அல்ல, கட்-பேக், அதாவது அங்கிருந்து பின்னோக்கிக் கொடுக்கும் பாஸ். நீங்கள் கோல் லைன் ஓரம் ஓடும்போது டிஃபெண்டர்கள் எல்லாரும் தங்கள் கோலைப் பார்த்து ஓடி வருவார்கள். கீப்பர் நியர் போஸ்ட்டை ஒட்டி நிற்பார். பின்னால் பெனால்டி புள்ளிப் பக்கம் காலியாகும். அங்கே வரும் உங்கள் ஆளுக்கு 37 டிகிரி, உங்களுக்கு 6. யார் அடிக்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை.

திசையை மனப்பாடமாக்கிக்கொள்ளலாம். கீழ்ப்பக்கம், கோல் லைனுக்கு ஒரு மீட்டர் முன், போஸ்ட்டுக்கு 5.5 மீட்டர் பக்கவாட்டில் நிற்கிறீர்கள். பெனால்டி புள்ளி உங்களுக்குக் கிட்டத்தட்டப் பத்தரை மணியில் இருக்கும். ஸ்டிக்கை மேல்-இடது மூலைவிட்டத்தில் தள்ளினால் போதும், குறியே தேவையில்லை. சின்ன பாக்ஸின் முன்கோட்டு நடுவுக்குப் போட வேண்டுமென்றால் பதினொரு மணி. மேல்ப்பக்கமிருந்து வந்தால் இவையே தலைகீழாக ஏழரையும் ஏழும்.

செய்யும் வரிசை இது. பாக்ஸுக்குள் நுழைந்ததும் ஆர்2-வை விடுங்கள். பந்து காலோடு ஒட்டும்; டிஃபெண்டர் வேகம் குறையாமல் உங்களைத் தாண்டி ஓர் எட்டு கோல் பக்கம் போய்விடுவார். அந்த ஓர் எட்டுதான் பாஸுக்கான சந்து. உடனே பத்தரை மணிப் பக்கம் ஸ்டிக், எக்ஸ் ஒரு சிறு தட்டல். பந்து கிளம்பிய மறுகணமே, வாங்குபவர் தொடும் முன்பே, சர்க்கிளை லேசாகத் தட்டி, ஸ்டிக்கைக் கீப்பர் இல்லாத பக்கம் திருப்பிவிடுங்கள். கீப்பர் நியர் போஸ்ட்டிலிருந்து நடுவுக்கு வந்துகொண்டிருப்பார். அவர் கிளம்பிய போஸ்ட் பக்கமே திரும்ப அடித்தால் பெரும்பாலும் உள்ளே போகும். எல்லாரும் ஃபார் போஸ்ட்டையே குறிவைப்பதால் இந்த மாற்று எதிராளிக்குப் பழகியிருக்காது.

பாஸை வாங்க ஆள் வரவில்லை என்றால்? வேகமாக ஓடி வந்துவிட்டீர்கள், மிட்ஃபீல்டர் இன்னும் மைதான நடுவில். எல்2-வைப் பிடித்துப் பந்தை உடம்பால் மறைத்து ஒரு நொடி நில்லுங்கள். எஃப்சியில் எல்1-ஐ ஒருமுறை தட்டினால் பக்கத்து வீரர் உள்ளே ஓடுவார். அவர் பெனால்டி புள்ளியைத் தொடும்போது பாஸ். பைலைனில் ஒரு நொடி காத்திருக்கத் தெரிந்தவருக்குக் கட்-பேக் கோல் இரண்டு மடங்கு விழும் என்பது மிகையல்ல.

“கட்-பேக் போட்டா டிஃபெண்டர் கால்லயே படுது”

உங்களுக்கும் பெனால்டி புள்ளிக்கும் நடுவே கோடு இழுத்துப் பாருங்கள். அதில் ஆள் நிற்கிறாரா? எதிராளி மனிதராக இருந்தால் மூன்றாவது முறையிலிருந்து அந்தக் கோட்டில்தான் நிற்பார். அவர் அங்கே நிற்பதால் வேறோர் இடம் திறந்திருக்கும்.

முதல் மருந்து ஃபேக் ஷாட். சர்க்கிளை அமுக்கி உடனே எக்ஸ், கூடவே புதிய திசை. இ-ஃபுட்பாலில் ஸ்கொயரும் எக்ஸும். வீரர் அடிப்பது போல் காலைத் தூக்குவார், டிஃபெண்டர் தடுக்கப் பாய்வார், பந்து வேறு பக்கம் போகும். பைலைனை நோக்கி மூன்று மணிப் பக்கம் ஓடுகிறவர் பன்னிரண்டு மணிப் பக்கம் வெட்டி உள்ளே வந்தாலே கோணம் திறக்கத் தொடங்கிவிடும். போஸ்ட்டுக்கு வெளியே 5.5 மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் உள்ளே வந்தாலும் லாபம்தான்.

இரண்டாவது, வேகப் பாஸ். ஆர்1+எக்ஸ் அழுத்தினால் பந்து அடித்தது போல் போகும். சந்து சின்னதாக இருக்கும்போது உதவும். வாங்குபவர் அதை முதல் தொடுதலிலேயே அடிப்பது கடினம், பந்து எகிறும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மூன்றாவது, நியர் போஸ்ட். டிஃபெண்டர், கீப்பர் இருவரும் பாஸை எதிர்பார்த்து நடுப்பக்கம் சாய்ந்துவிட்டால் அப்போது மட்டும், சின்ன பாக்ஸ் மூலையிலிருந்து நியர் போஸ்ட்டுக்குத் தரையோடு அடிக்கலாம். கீப்பரின் ஓர் எட்டைப் பார்த்துவிட்டு அடிப்பது இது, வேண்டுதல் அல்ல.

ஸ்கொயரைத் தட்டி உயரக் கிராஸ் போடுவது இந்த இடத்தில் கடைசிப் பட்சம். அவ்வளவு அருகிலிருந்து எழும் பந்து பெரும்பாலும் கீப்பரின் கைக்குத்தான்.

“தட்டிவிட்டாலே கோல், ஆனா கொடி ஏறிடுது”

இது கேமின் குறையல்ல, விதி. ஆஃப்சைடுக்கு, அதாவது பாஸ் கிளம்பும்போது வாங்குபவர் எதிரணியைத் தாண்டி முன்னே நிற்பதற்கு, கணக்கு எதிரணியின் கடைசி ஆள் அல்ல, கடைசிக்கு முந்தைய ஆள். வழக்கமாகக் கீப்பர் கடைசி ஆளாக இருப்பதால் நாம் டிஃபெண்டரை மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். கீப்பர் முன்னேறி வந்துவிட்டால் கணக்கு மாறுகிறது: கோல் லைனில் ஒரு டிஃபெண்டர் நின்றாலும் அவர் ஒருவர்தான், உங்கள் ஆளுக்கும் கோலுக்கும் நடுவே இன்னொருவர் தேவை. ‘டிஃபெண்டர் லைன்ல நிக்கிறார், எப்படி ஆஃப்சைடு?’ என்று குழம்புவது இங்கேதான்.

தப்பிக்கும் வழி எளிது. பந்துக்குப் பின்னால், அல்லது பந்துக்கு நேராக இருப்பவர் எப்போதும் ஆன்சைடு. அதனால் இரண்டு பேர் கீப்பரை நோக்கி ஓடும்போது பந்து வைத்திருப்பவர்தான் முன்னால் இருக்க வேண்டும். கூட்டாளி முன்னே போய்விட்டால் பாஸ் வேண்டாம், நீங்களே அடியுங்கள். மேலே சொன்ன எல்1 ஓட்டத்தைச் சீக்கிரமே தட்டிவிட்டுத் தாமதமாகப் பாஸ் கொடுப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். கட்-பேக்கில் இந்தத் தொல்லையே கிடையாது. கோல் லைன் ஓரமிருந்து பின்னோக்கிப் போகும் பாஸ், வாங்குபவர் பந்துக்குப் பின்னால்தான் இருப்பார். கார்னரை நேராக வாங்கினாலும் ஆஃப்சைடு இல்லை. ஷார்ட் கார்னர் வாங்கித் திருப்பிக் கொடுக்கும்போது, அதை எடுத்தவரே பைலைன் ஓரம் மாட்டிக்கொள்வதைக் கவனியுங்கள்.

“பட்டன் அமுக்கினேன், ஆள் அடிக்கவே இல்ல”

இரண்டு வேறு நோய்கள் ஒரே மாதிரி தெரியும் இடம் இது. பிரித்துப் பார்க்க ஆஃப்லைன் பயிற்சி மைதானத்தில் பத்து ஷாட் அடியுங்கள்.

அங்கேயும் தாமதம் தெரிந்தால் டிவியோ கன்ட்ரோலரோ காரணம். டிவியில் கேம் மோடை இயக்குங்கள். படத்தை மெருகேற்றும் வசதிகள் எல்லாம் தாமதத்தைக் கூட்டுபவை. கன்ட்ரோலரை ஒயரில் மாட்டிப் பாருங்கள். 60 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிநொடி, 100 மில்லிநொடித் தாமதம் என்றால் நீங்கள் ஆறு ஃபிரேம் பழைய படத்தைப் பார்த்து அடிக்கிறீர்கள். மைதான நடுவில் அது தெரியாது. சின்ன பாக்ஸுக்குள் டிஃபெண்டரின் கால் நீள்வதற்கு ஆறு ஃபிரேம் தாராளம்.

ஆன்லைனில் மட்டும் தாமதம் என்றால் இணைப்பு. வைஃபையை விட்டு லேன் ஒயருக்கு மாறுங்கள். அப்படியும் தாமதமான மேட்சில் மாட்டிக்கொண்டால் டைம்டு ஃபினிஷிங்கை அணைத்துவையுங்கள். ஃபிஃபா 19-இல் அறிமுகமான அந்த வசதியில், கால் பந்தைத் தொடும் நேரம் பார்த்து ஷாட் பட்டனை இரண்டாவது முறை தட்ட வேண்டும்; அந்தத் தட்டல் பச்சையில் விழுந்தால் லாபம், சிவப்பில் விழுந்தால் எளிய கோலையும் கெடுக்கும். தாமதம் மாறிக்கொண்டே இருக்கும் இணைப்பில் அதன் நேரத்தைப் பிடிப்பது குருட்டு அதிர்ஷ்டம். சின்ன பாக்ஸ் ஷாட்டுக்கு அது தேவையும் இல்லை.

பயிற்சியில் தாமதமே இல்லை, மேட்சில் மட்டும் ஆள் அடிக்கவில்லை என்றால் உடம்பு நிலைதான் காரணம். கோலுக்கு முதுகு காட்டி நிற்கும் வீரர் அடிக்க முதலில் திரும்ப வேண்டும். பந்து காலுக்கு அடியில் சிக்கியிருந்தால் ஒதுக்க வேண்டும். இதெல்லாம் முடியும் வரை உங்கள் ஷாட் ஆணை வரிசையில் காத்திருக்கும். காத்திருக்கும் நேரத்தில் பதறி மேலும் இரண்டு முறை அமுக்குவீர்கள். பந்து பறிபோனதும் அதே சர்க்கிள் டேக்கிளாக மாறிக் கீப்பர் மேல் ஃபவுல். ஒருமுறை அமுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வது கஷ்டம்தான், ஆனாலும் வேறு வழியில்லை. காத்திருக்கும் ஆணை வேண்டாமென்று தோன்றினால் எஃப்சியில் எல்2+ஆர்2, இ-ஃபுட்பாலில் ஆர்1+ஆர்2 அழுத்தி ரத்து செய்யலாம்.

“கீப்பர் தட்டிவிட்டது கால்கிட்டயே விழுது, அதையும் மிஸ் பண்றேன்”

ரீபவுண்டில் கீப்பர் தரையில் கிடப்பார். பந்து உயரமாக வேண்டாம், வேகமாகவும் வேண்டாம், அவர் விழுந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போனால் போதும். விழுந்து கிடப்பவர் எழுந்து மறுபக்கம் பாய நேரம் பிடிக்கும். பெரும்பாலானோர் இங்கே பந்தை ஓங்கி அடிப்பதுதான் கேடு. பவர் பாரைத் தொட்டும் தொடாமலும் ஒரு தட்டல் போதும்.

இன்னொன்று, கேம் எந்த வீரரை உங்கள் கையில் கொடுத்திருக்கிறது என்பதைப் பாருங்கள். தலைக்கு மேல் அடையாளம் முதலில் அடித்தவர் மேல் இருக்கலாம். பந்து விழுவதோ அடுத்தவர் காலில். தாக்கும்போது ஆட்டோ சுவிட்ச் அணைந்திருந்தால் எல்1-ஆல் மாற்ற வேண்டும். அதற்குள் வாய்ப்பு போய்விடும் என்பதால் செட்டிங்கில் காற்றிலும் தரையிலும் வரும் பந்துக்குச் சுவிட்ச் தானாக நடக்கும்படி வையுங்கள்.

“ஹெட்டர் எல்லாம் கீப்பர் கைக்கே”

இங்கே பட்டனைவிட ஆள் தேர்வுதான் முக்கியம். ஹெடிங் அக்யூரசி, ஜம்பிங், ஸ்ட்ரென்த் மூன்றும் பார்க்காமல், வேகத்துக்காக வாங்கிய குட்டை விங்கரின் தலைக்குக் கிராஸ் போட்டுவிட்டு வருத்தப்படக் கூடாது. நல்ல தலைக்காரர் இருந்தால், ஃபார் போஸ்ட் பக்கம் பின்னாலிருந்து ஓடி வருபவருக்குப் போடுங்கள். நின்று குதிப்பவரைவிட ஓடி வருபவரின் தலை பந்தை நன்றாகத் தள்ளும். பவர் மூன்றில் ஒரு பங்கு, திசை பந்து வந்த பக்கமே திரும்ப. கீப்பர் கிராஸோடு நகர்ந்துகொண்டிருப்பதால் எதிர்த்திசையில் போகும் ஹெட்டரைத் திரும்பிப் பிடிப்பது அவருக்குச் சிரமம்.

“ஒண்ணுக்கு ஒண்ணா வந்தும் கீப்பர் கால்ல விழுந்து எடுத்துடறார்”

அவர் எடுப்பதற்குக் காரணம் நீங்கள் கொடுக்கும் நீளமான தொடுதல். ஸ்பிரின்டில் ஒவ்வொரு தொடுதலும் பந்தை இரண்டு மூன்று மீட்டர் முன்னே தள்ளும். கீப்பர் கோல் லைனைவிட்டு வெளியே வருகிறாரா, நிற்கிறாரா என்று பாக்ஸ் விளிம்பிலேயே பார்த்து முடிவெடுங்கள்.

நின்றால்: ஆர்2-வை விட்டு, 12 மீட்டர் அருகே, எந்தப் பக்கம் அதிக இடமோ அங்கே தாழ்வான ஷாட். இன்னும் நெருங்கினால் அவருக்குத்தான் சாதகம். 

வருகிறார் என்றால்: அவர் இன்னும் ஐந்தாறு மீட்டர் தள்ளி இருக்கும்போதே எல்1+சர்க்கிள் சிப் (கீப்பருக்கு மேலே தூக்கிவிடும் ஷாட்), பவர் கால் பங்குக்குச் சற்று மேல். காலருகே வந்த பிறகு சிப் போட்டால் அவர் மார்பில்தான் படும். பக்கத்தில் கூட்டாளி பந்துக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தால் சிப்பைவிட எக்ஸ் மேல். கீப்பர் உங்களுக்காகக் கிளம்பிவிட்டார், கூட்டாளிக்குக் காலி கோல்.

எதிராளி மனிதர், கீப்பரைக் கையால் நகர்த்துகிறவர் என்றால் அவர் உங்கள் வழக்கமான பக்கத்தைத்தான் முன்கூட்டியே மூடுவார். இரண்டு முறை ஃபார் போஸ்ட் அடித்திருந்தால் மூன்றாவது முறை கீப்பர் அங்கே கிளம்பிய பிறகு நியர் போஸ்ட். ஃபேக் ஷாட்டுக்கும் இங்கே நல்ல மதிப்பு.

“பந்து லைனைத் தாண்டிடுச்சு, கோல் தரல”

தாண்டவில்லை. பந்தின் முழு உருவமும் கோட்டின் முழு அகலத்தையும் கடந்தால்தான் கோல். கோடு போஸ்ட்டின் அகலம்தான், அதிகபட்சம் 12 சென்டிமீட்டர். 22 சென்டிமீட்டர்ப் பந்தில் ஒரு சென்டிமீட்டர் கோட்டின் மேல் தொங்கினாலும் ஆட்டம் தொடரும். பக்கவாட்டுக் கேமராவில் போஸ்ட் மறைப்பதால் உள்ளே போனது போல் தெரியும். ரீப்ளேயில் கேமராவைக் கோல் லைனுக்கு நேர் மேலே கொண்டுபோய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். முறையிடுவதை விட்டுவிட்டு ஆளை அனுப்புங்கள்: டிஃபெண்டர் லைனில் தடுத்த பந்து பெரும்பாலும் சின்ன பாக்ஸுக்குள்ளேயே உருளும், அதற்கு அங்கே யாராவது இருக்க வேண்டும்.

“பத்து பேரும் பாக்ஸுக்குள்ளயே நிக்கிறாங்க”

நடுவே நுழைய முயன்றால் மூன்று கால்களில் பட்டுத் திரும்பும். பந்தை ஒரு விங்கிலிருந்து பின்பக்க மிட்ஃபீல்டர் வழியாக மறு விங்குக்கு மாற்றுங்கள். கூட்டம் பக்கவாட்டில் நகரும்போது கடைசி ஆளுக்கும் அவருக்கு முந்தையவருக்கும் நடுவே சந்து விழும். அதில் உங்கள் ஃபுல்பேக்கை (ஓரத்து டிஃபெண்டரை) ஓடவிட்டால் அவர் போய்ச் சேரும் இடம் பைலைன். அங்கிருந்து பத்தரை மணி வேலை மீண்டும் தொடங்குகிறது. இந்த முறை பெனால்டி புள்ளியிலும் கூட்டம் இருந்தால் இன்னும் பின்னே, பாக்ஸ் விளிம்பில் நிற்பவருக்குப் போடுங்கள். கூட்டத்துக்குள் மெல்லிய ஷாட் எடுபடாது, ஆர்1 பிடித்து ஃபார் போஸ்ட்டுக்கு வளைத்து அடிக்க வேண்டும்.